25 கிளப்புகளில் கோல் காத்தவர்

கேள்வி இதுதான்: ஒரு கால்பந்து வீரர் இருபது, இருபத்தைந்து கிளப்புகளுக்கு ஆடியிருக்கிறார் என்றால், எந்த கிளப்பிலும் அவர் தேறவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படிப்பட்டவர் எப்படிப் பதினைந்து, இருபது வருடம் இதையே தொழிலாக வைத்துப் பிழைக்கிறார்?

இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. கல்லூரி அணியில் நான் கோல்கீப்பர். முதல் இரண்டு வருடமும் பெஞ்சில்தான் இருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் நன்றாக ஆடினார், அவருக்குக் காயமும் படவில்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது. அப்போதிலிருந்தே பெரிய நட்சத்திரங்களைவிட, ஊர் ஊராகப் போய் ஆடும் வீரர்களின் கதைகளைத்தான் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும். 25 கிளப்புகளுக்கு ஆடிய லுட்ஸ் ஃபானன்ஷ்டீல் என்ற கோல்கீப்பரின் கதை வழியாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர். இப்படிப்பட்ட வீரரை ஆங்கிலத்தில் ஜர்னிமேன் என்பார்கள். பயணம் செய்துகொண்டே இருப்பவர் என்று பலரும் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லின் வேர், பிரெஞ்சு மொழியில் ஒரு நாளையும் ஒரு நாள் வேலையையும் குறிக்கும் சொல். தொழிலை முழுதாகக் கற்று முடித்து, சொந்தப் பட்டறை வைக்காமல் அன்றாடக் கூலிக்கு வேலை செய்யும் கைதேர்ந்த தொழிலாளிக்குத்தான் அந்தப் பெயர். ஜெர்மனியில் பயிற்சி முடித்த தச்சர்கள் சிலர் இன்றைக்கும் கருப்புத் தொப்பியும் அகலமான கால்சட்டையும் போட்டுக்கொண்டு மூன்று வருடமும் ஒரு நாளும் ஊர் சுற்றி வேலை செய்கிறார்கள். அந்த மூன்று வருடமும் சொந்த ஊரிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் கால் வைக்கக் கூடாது என்பது வழக்கம். அவர்களை யாரும் வேலை தெரியாதவர்கள் என்று சொல்வதில்லை. போகிற ஊரில் ஒரு கூரைக்கு ஆள் தேவைப்படுகிறது. கூரை முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள்.

நான் சொல்லப்போகிறவரும் ஜெர்மானியர்தான். லுட்ஸ் ஃபானன்ஷ்டீல். 1973இல் பவேரியாவில், செக் எல்லையை ஒட்டிய காட்டுப் பகுதியில் இருக்கும் ட்ஸ்வீசல் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். கோல்கீப்பர். ஜெர்மனியின் இளையோர் அணிக்கு ஆடியவர் என்பதால் திறமையைப் பற்றிய சந்தேகத்தை இங்கேயே தள்ளிவிடலாம். பக்கத்து ஊரான பாட் கோட்ஸ்டிங்கின் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியின் பெரிய கிளப்பான பயேர்ன் மியூனிக்கின் அமெச்சூர் அணியிலிருந்து அழைப்பு வந்தது. அவர் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மலேசியாவின் பினாங்கு அணிக்குப் போனார். வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும்.

பயேர்ன் மியூனிக்கை விட்டுவிட்டு யாராவது பினாங்குக்குப் போவார்களா என்று இப்போது தோன்றும். அன்றைய நிலையைப் பாருங்கள். அப்போது பயேர்னின் கோலில் ரைமண்ட் ஔமன் நின்றுகொண்டிருந்தார். 1994இல் அவர் கிளம்பினார். அந்த இடத்துக்கு கார்ல்ஸ்ரூவிலிருந்து வந்தவர் ஆலிவர் கான். கான் 2008 வரை, பதினான்கு வருடம் அந்த இடத்தை விடவில்லை. மியூனிக்கில் காத்திருந்தால் லுட்ஸின் இளமை முழுவதும் பயிற்சி மைதானத்தில் போயிருக்கும். இதெல்லாம் அவருக்கு அன்றே தெரிந்திருக்க வழியில்லைதான். ஆனால் அமெச்சூர் அணியில் வரிசையில் நிற்பதைவிட, சம்பளம் தந்து முதல் ஆளாக நிறுத்தும் அணி மேல் என்று அவர் போட்ட கணக்கு சரியானது.

கோல்கீப்பரின் நிலைமையே தனி. தாக்குதல் வீரர் சுமாராக இருந்தால்கூடக் கடைசி இருபது நிமிடம் இறக்கிப் பார்ப்பார்கள். நடுக்கள வீரரைப் பக்கவாட்டுக்கு மாற்றி ஆட வைப்பார்கள். கோல்கீப்பருக்கு அந்த வசதி கிடையாது. அணியில் மூன்று பேர் இருந்தாலும் ஆடுவது ஒருவர்தான். அவருக்குக் காயம் படாதவரை மற்ற இருவருக்கும் சனிக்கிழமை என்பது கோட் போட்டுக்கொண்டு உட்காரும் நாள். வெளிநாடு போகலாம் என்றால் அங்கே வேறு தடை. அன்றைக்கு ஆசியாவின் பல லீக்குகளில் ஓர் அணிக்கு மூன்று, நான்கு வெளிநாட்டவர்தான் என்று உச்சவரம்பு இருந்தது. அந்த இடங்களைக் கோல் அடிப்பவர்களுக்குக் கொடுக்கத்தான் எந்த கிளப்பும் நினைக்கும். சீனாவில் 2001இல் வெளிநாட்டுக் கோல்கீப்பர்களுக்கே தடை போட்டார்கள். தென்கொரியாவில் 1999 முதல் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. அங்கே காரணம் சுவாரஸ்யமானது: வலேரி சாரிசேவ் என்ற கோல்கீப்பர் 1990களில் கொரியாவுக்கு வந்து, யாரும் கோல் போட முடியாதபடி ஆடினார். அதைப் பார்த்து எல்லா அணிகளும் வெளிநாட்டுக் கோல்கீப்பர்களைத் தேட ஆரம்பிக்க, உள்ளூர்க் கோல்கீப்பர்கள் வளரவே மாட்டார்கள் என்று பயந்து கதவை மூடிவிட்டார்கள். சாரிசேவ் கொரியக் குடியுரிமை வாங்கிக்கொண்டு மறுபடியும் ஆட வந்தார்.

ஆகவே, வெளிநாட்டில் ஒரு கோல்கீப்பருக்கு வேலை கிடைக்கிறது என்றாலே அந்த கிளப்புக்கு அவசரம் என்று புரிந்துகொள்ளலாம். முதல் கீப்பரின் கை முறிந்திருக்கும். அல்லது இரண்டாவது ஆள் தொடர்ந்து சொதப்பியிருப்பார். அல்லது புதிதாக வந்த கோச்சுக்கு இருப்பவர்களைப் பிடித்திருக்காது. தேவை ஆறு மாதத்துக்குத்தான் என்றால் ஒப்பந்தமும் ஆறு மாதத்துக்குத்தான் இருக்கும். அது முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சொல்வார்கள். போட்ட ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவே.

பினாங்குக்குப் பிறகு இங்கிலாந்து. விம்பிள்டன், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்ற இரண்டு கிளப்புகளிலும் இருந்தார். இரண்டிலும் முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஆர்லாண்டோ பைரேட்ஸ், பின்லாந்தில் தாம்பெரே நகரத்து அணி, அப்புறம் ஹாகா என்று நீள்கிறது பட்டியல். வரிசையாக எல்லாவற்றையும் சொல்வதில் பயனில்லை. கவனிக்க வேண்டியது அவர் நாட்காட்டியைப் பயன்படுத்திய விதம். அதுதான் இந்த வாழ்க்கையின் நுட்பமே என்று நினைக்கிறேன்.

ஐரோப்பாவின் பெரிய லீக்குகள் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். நார்வே, பின்லாந்து, கனடா போன்ற நாடுகளில் பனியின் காரணமாக ஏப்ரல் வாக்கில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிப்பார்கள். நியூசிலாந்தில் பருவமே தலைகீழ். இங்கிலாந்தில் ஆட்டம் முடிந்து வீரர்கள் விடுமுறைக்குப் போகும் நேரத்தில் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் லீக் நடந்துகொண்டிருக்கும். 2001க்குப் பிறகு சில ஆண்டுகள் லுட்ஸ், டனீடன் டெக்னிக்கல் அணிக்கும் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூவுக்கும் மாறி மாறி ஆடினார். பின்னாளில் கனடாவின் கால்கரி, ஆஸ்லோவை ஒட்டிய ஒரு நார்வே கிளப், மறுபடியும் நியூசிலாந்தில் ஒட்டாகோ யுனைடெட் என்று இதே முறையில் சுற்றினார். வருடம் முழுக்க வேலை, வருடம் முழுக்கச் சம்பளம். சிறிய கிளப்புகளில் ஆடுபவருக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் அங்கே பலருக்கு லீக் நடக்கும் மாதங்களுக்கு மட்டும்தான் பணம் வரும்.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் இப்போதைய விதிப்படி ஒரு வீரர் ஒரே சீசனில் மூன்று கிளப்புகளில் பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டங்களை இரண்டுக்குத்தான் ஆடலாம். பருவங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும் நாடுகளுக்கிடையே மாறுபவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. இன்னொரு வசதியும் இருக்கிறது. வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிந்த பிறகும், அதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்து கையில் கிளப் இல்லாமல் நிற்பவரைச் சேர்த்துக்கொள்ளலாம். திடீரென்று கோல்கீப்பர் இல்லாமல் தவிக்கும் கிளப் அப்படி நிற்கும் ஒருவரைத்தான் தொலைபேசியில் கூப்பிடும். பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கத் தெரிந்தவருக்கு அந்த அழைப்பு வரும்.

சட்டமும் உதவியது. முன்பெல்லாம் ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய கிளப்புக்குப் பணம் கொடுத்தால்தான் புதிய கிளப்புக்குப் போக முடியும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான்-மார்க் பாஸ்மன் வழக்குப் போட்டு, 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். அதன் பிறகு ஒப்பந்தம் முடிந்தவரைச் சும்மா கூட்டிக்கொள்ளலாம் என்றானது. நட்சத்திரங்களின் சம்பளம் எகிறியதற்கு இந்தத் தீர்ப்பைக் காரணம் காட்டுவார்கள். கீழே இருப்பவர்களுக்கு வேறு விதமாக அது வேலை செய்தது: நீண்ட ஒப்பந்தம் கொடுத்தும் கடைசியில் பணம் பெயராது என்றால், சிறிய கிளப் எதற்காக நீண்ட ஒப்பந்தம் போடும்? ஒரு வருடம், ஆறு மாதம் என்று சுருங்கியது. சுதந்திரமும் கிடைத்தது, நிச்சயமின்மையும் கூடவே வந்தது.

சம்பள விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கால்பந்து வீரர் என்றாலே கோடிகளில் புரள்பவர் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. உலக வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016இல் 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 தொழில்முறை வீரர்களிடம் விசாரித்தது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் சம்பளம் தாமதமானதாக 41 சதவீதம் பேர் சொன்னார்கள். மாதம் 1,000 டாலருக்கும் குறைவாக வாங்குபவர்கள் 45 சதவீதத்துக்கும் மேல். சம்பள பாக்கி நான்கு மாதம் ஏறிவிட்ட இடத்தை விட்டு ஒருவர் வேறு நாட்டுக்குப் போனால், அவரை நிலையில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இந்த வாழ்க்கையின் கொடுமையான பக்கம் லுட்ஸுக்கு சிங்கப்பூரில் தெரிந்தது. 2000இல் அவர் அங்கே கேலாங் யுனைடெட்டின் கோல்கீப்பர். ஆட்டங்களின் முடிவைப் பணத்துக்காக மாற்ற ஒத்துக்கொண்டார் என்று அவர்மீது குற்றச்சாட்டு வந்தது. 2001இல் ஐந்து மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 101 நாள் உள்ளே இருந்தார். தான் எதையும் விற்கவில்லை என்று அன்றும் சொன்னார், இன்றுவரை சொல்லிவருகிறார். சிறை நாட்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்: வெறும் தரையில் படுக்கை, நெருக்கியடித்த அறை, உடல் எடை கரைந்துபோனது. வழக்கின் உண்மையை இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரியும். பழகிய ஊரில், பத்து வருடமாக ஆடும் கிளப்பில் இருப்பவருக்கு யாரோடு பேசலாம், யாரோடு சாப்பிடப் போகக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் இருப்பார்கள். ஆறு மாதத்துக்கு வந்தவருக்கு அந்த ஊரில் யார் நண்பர், யார் சூதாட்டத் தரகர் என்று பிரித்துப் பார்க்கவே நேரம் இருப்பதில்லை.

சிறையிலிருந்து வெளியே வந்தவர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. நியூசிலாந்துக்குப் போனார், அங்கிருந்து பிராட்ஃபோர்ட். அங்கேதான் அது நடந்தது. 2002 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஹாரகேட் டவுன் அணியோடு ஆட்டம். பந்தை எடுக்கப் பாய்ந்தவரின் நெஞ்சில் எதிரணி வீரர் கிளேட்டன் டொனால்ட்சனின் முழங்கால் மோதியது. வேண்டுமென்று செய்ததில்லை, இருவரும் பந்தைப் பார்த்துத்தான் வந்தார்கள். லுட்ஸின் நுரையீரல் சுருங்கிவிட்டது, மூச்சு நின்றது. மைதானத்திலேயே மூன்று முறை உயிர் போய் வந்தது என்பார்கள். அணியின் பிசியோ வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றினார். ஆட்டத்தைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அது பிரீமியர் லீக் கிடையாது, ஆங்கிலக் கால்பந்தின் கீழடுக்கு லீக். மைதானத்தின் ஓரத்தில் பெரிய மருத்துவக் குழு எதுவும் காத்திருக்காது. அந்த ஒரு பிசியோவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்ததால் அவர் பிழைத்தார்.

அதற்கப்புறமும் லுட்ஸ் கோலில் போய் நின்றார். இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். பணத்துக்காக என்று சொல்ல முடியாது, அந்த லீக்கில் அவ்வளவு பணம் கிடையாது. புகழுக்காகவும் இல்லை. கோல்கீப்பராக இருந்தவர்களுக்கு ஒருவேளை புரியும்: குறுக்கே பாய்ந்து கடைசி விரலில் பந்தைத் தட்டிவிடும்போது கை உணரும் ஒன்று இருக்கிறது. அதற்காக மறுபடியும் போய் நிற்கலாம்.

அடுத்த சில வருடங்களில் அல்பேனியாவின் ஷ்கோதர் நகரத்து விளாஸ்னியா, ஆர்மீனியாவின் இஜெவன் நகரத்து பென்டோனிட், கனடாவின் வான்கூவர் ஒயிட்கேப்ஸ் என்று போனார். ஃபிஃபாவின் கீழ் கண்டவாரியாக ஆறு அமைப்புகள் இருக்கின்றன. 2008இல் பிரேசிலின் சான்டா கட்டரினா மாநிலத்தில், இபிராமா என்ற சிற்றூரின் கிளப்பில் சேர்ந்தபோது, ஆறு அமைப்புகளிலும் தொழில்முறையில் ஆடிய முதல் வீரர் ஆனார். அப்போது வயது முப்பத்தைந்தை நெருங்கிவிட்டது. அதன் பிறகும் நமீபியத் தலைநகர் விண்ட்ஹோக்கின் ராம்ப்ளர்ஸ் அணியில் இருந்தார். கணக்குப் பார்த்தால் 25 கிளப்புகள்.

அந்த எண்ணிக்கையைத் தாண்டியவர் உருகுவேயின் செபாஸ்தியான் அப்ரேயு. 2017 முடியும் தறுவாயில் சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோவில் கையெழுத்திட்டபோது அது அவருக்கு 26வது கிளப், கின்னஸ் சாதனையானது. 2021இல் ஓய்வு பெறுவதற்குள் 11 நாடுகளில் முப்பதைத் தொட்டுத் தாண்டிவிட்டார். அவர் தேறாதவர் என்று யாராவது சொன்னால் 2010 ஜூலை 2ஆம் தேதியை நினைவுபடுத்துங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பைக் காலிறுதி, உருகுவேக்கும் கானாவுக்கும். உருகுவே வீரர் சுவாரஸ் கோலுக்குள் போன பந்தைக் கையால் தடுத்த அதே ஆட்டம். 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. கடைசி பெனால்டியை அடிக்க வந்த அப்ரேயு, கீப்பர் ஒரு பக்கம் பாய்வார் என்று நம்பி, பந்தை மெல்லத் தூக்கி நடுவில் போட்டார். உருகுவே அரையிறுதிக்குப் போனது. அடுத்த வருடம் தென்னமெரிக்கக் கோப்பையான கோபா அமெரிக்காவை வென்ற அணியிலும் அவர் இருந்தார்.

அவர் இவ்வளவு கிளப் மாறியதற்குக் காரணம் வேறு. 1998இல் ஸ்பெயினின் டிபோர்டிவோ லா கொருனா அவரை வாங்கியது. அங்கே சரியாக அமையவில்லை. ஆனால் ஒப்பந்தம் நீளமானது. ஆகவே பல வருடம் அவரை பிரேசில், மெக்ஸிகோ, அர்ஜென்டினா, உருகுவே என்று மற்ற கிளப்புகளுக்குத் தற்காலிகமாக, கடனாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். போன இடமெல்லாம் கோல் அடித்தார். 2002இல் மெக்ஸிகோவின் குரூஸ் அசூலுக்காக ஒரே தொடரில் 19 கோல் அடித்து முதலிடம் பிடித்தார். பட்டியலில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கும்: கடன், காயம், சம்பள பாக்கி, கோச் மாற்றம், கிளப் தரமிறங்கியது, மனைவிக்குப் பிரசவம். எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு வீரரை எடை போடவே முடியாது. யார் கூப்பிட்டார்கள், எதற்குக் கூப்பிட்டார்கள், போன இடத்தில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்ற மூன்றையும் பாருங்கள். விம்பிள்டனில் லுட்ஸ் ஆடியது பூஜ்யம்; டனீடனில் அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். பெரிய பெயர் எது என்று பார்த்தால் விம்பிள்டன்தான். எனக்கு அவருடைய தொழில் வாழ்க்கையில் டனீடன்தான் முக்கியமானதாகத் தெரிகிறது.

ஆடி முடித்த பிறகு இப்படிப்பட்டவர்களுக்கு என்ன ஆகும் என்பதும் கேள்வியில் மறைந்திருக்கிறது. பலருக்கு நிலைமை நல்லதாக இருப்பதில்லை. ஒரே ஊரில் இருந்தவருக்கு அந்த ஊர் கிளப்பில் ஏதாவது வேலை கிடைக்கும். ஊர் ஊராகச் சுற்றியவருக்குச் சொந்தம் என்று சொல்ல எந்த கிளப்பும் இருக்காது. பல நாடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வேலை பார்த்ததால் ஓய்வூதியமும் சிதறிப் போயிருக்கும். லுட்ஸுக்கு அவர் சுற்றிய சுற்றே முதலீடானது. எந்த நாட்டு லீக்கில் எந்தத் தரம், யாரைக் கேட்டால் உண்மை தெரியும் என்று அவருக்கு நேரடியாகத் தெரியும். ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் அவரை வெளிநாட்டு வீரர்களைக் கண்டுபிடிக்கும் பொறுப்பில் வைத்துக்கொண்டது. 2018 டிசம்பரில் ஃபோர்துனா டுசல்டார்ஃபின் விளையாட்டு இயக்குநர் ஆனார்.

2020இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துப் புது கிளப் அவரைக் கூப்பிட்டது. கிளப் காகிதத்தில்தான் இருந்தது. ஒரு வீரர்கூடக் கிடையாது. அவர் முதலில் பிடித்த பெரிய பெயர் ஒரு கோல்கீப்பர்: ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பில் தன் இடத்தை இழந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரோமன் புர்கி. 2023இல் அந்த கிளப் அமெரிக்காவின் முதன்மை லீக்கான எம்எல்எஸ்ஸுக்குள் வந்தது. முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்றது. அதற்கு முன் எந்தப் புது அணியும் அப்படிச் செய்ததில்லை. மேற்குப் பிரிவில் முதலிடத்தில் முடித்தது. அந்த ஆண்டின் சிறந்த கோல்கீப்பர் விருது புர்கிக்குக் கிடைத்தது.